எது நற்காட்சி? இரேவதியும் நீலகேசியும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், ஆரணி வட்டாரத்துச் சிற்றூர்களில் பிறந்து வளரும் தமிழ்ச் சமணப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திற் கால் வைத்த சில நாளிலேயே ஒரு கேள்வியை எதிர்கொள்கின்றனர். உடன் பயிலும் பிள்ளை பகையின்றியே கேட்கிறது: “உங்களுக்குச் சாமி உண்டா?” அக்கேள்வியைப் பிள்ளை வீட்டிற்குக் கொண்டுவருகிறது. தந்தை, “உலகத்தைப் படைத்த கடவுள் என்று ஒருவரைச் சமணம் ஒப்புவதில்லை” என்கிறார். உள்ளேயிருந்து பாட்டி, “ஏன் இல்லை? காலையில் நயினார் கோயிலில் யாரைக் கும்பிட்டு வந்தாயாம்?” என்கிறார். தந்தை கூறியதும் மெய். பாட்டி கூறியதும் மெய். இரண்டையும் கேட்ட பிள்ளையோ மறுநாள் பள்ளியில் என்ன சொல்வதென்று அறியாது திகைக்கிறது.

அத்திகைப்பு பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. படித்துப் பட்டம் பெற்றுச் சென்னையிலும் பெங்களூரிலும் பணிபுரிவோரும், வெளியார் “நீங்கள் நாத்திகரா?” என்று வினவும்போது இரண்டு வரிக்கு மேல் விடை கூற இயலாது நிற்கின்றனர். கடவுள் யார், எதை நம்புவது மெய்யான நம்பிக்கை என்னும் வினாக்கள் இத்தமிழ் மண்ணிலேயே முன்னோர்களால் வாதிடப்பட்டவை, காப்பியமாகப் பாடப்பட்டவை, கதையாக வழங்கப்பட்டவை. அவற்றை மறந்தமையே இத்திகைப்பிற்குக் காரணம்.

முதலில் தந்தையின் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜினசேனாசாரியர் தம் ஆதிபுராணத்தில் உலகின் அமைப்பைக் கூறப் புகுமிடத்தில், உலகம் ஒருவரால் ஆக்கப்பட்டது என்னும் கொள்கையை நேர்நின்று ஆராய்கிறார். அவர் எழுப்பும் தடைகளின் சாரம் இது. உலகம் தோன்றுமுன் ஒன்றுமே இல்லையாயின், படைத்தவன் எங்கே நின்றான்? எப்பொருளைக் கொண்டு படைத்தான்? பொருள் முன்னரே இருந்ததாயின், அப்பொருளை ஆக்கியவர் எவர்? அவன் குறைவற்றவனாயின் படைக்கவேண்டும் என்னும் அவா அவனுக்கு ஏன் எழுந்தது? குறைவுடையவனாயின் உலகத்தைப் படைக்கும் ஆற்றல் அவனுக்கு எங்ஙனம் வந்தது? அருளாற் படைத்தான் எனின், துன்பத்தை ஏன் படைத்தான்? உயிர்கள் தத்தம் வினைக்கு ஏற்பத் துன்புறுகின்றன எனின், வினையே போதுமே. நடுவில் ஒருவர் எதற்கு?

இத்தடைகளுக்கு மாற்றார் விடை கூறாது விட்டவர் அல்லர். நையாயிகராகிய உதயணர், இறைவன் உளன் என்று நிறுவுதற்கென்றே நியாயகுசுமாஞ்சலி என்னும் நூலை இயற்றினார். படைப்பு ஒரு திருவிளையாட்டே, அவாவினால் நிகழ்ந்ததன்று என்றனர் வேறு சிலர். அவ்விடைகளைக் கல்லாமல் ஜினசேனரின் வினாக்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு பிறரை மடக்கப் புகுவது, வாதத்தின் பாதியை மட்டும் கற்றதாகவே முடியும். ஆயிரம் ஆண்டாக முடியாத வழக்கைத் தெருத்திண்ணையில் ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிட்டதாக எண்ணி எழுவோரை இன்றும் காணலாம்.

ஆனால் இவ்வழக்கில் சமணம் காத்து நிற்பது எதை என்பது தெளிவு. உயிர் தான் செய்ததைத் தானே நுகர்கிறது. தன்னைத் தானே மீட்டுக்கொள்கிறது. தண்டிப்பவரும் இல்லை, மன்னிப்பவரும் இல்லை. இது கேட்பதற்கு எளிது, ஏற்பதற்கு அரிது. பிள்ளை நோயுற்றுக் கிடக்கும் இரவில், “எல்லாம் அவன் விட்ட வழி” என்று சொல்லிச் சாய்ந்துகொள்ள ஒரு தோள் இல்லை என்பதே அதன் பொருள். இக்கடுமையைச் சமண ஆசிரியர்கள் மறைக்கவில்லை. நாத்திகர் என்னும் பெயர் இக்கொள்கைக்குப் பொருந்தாமையும் இங்கேயே விளங்கும். உயிர் உண்டு, இருவினை உண்டு, மறுபிறப்பு உண்டு, வீடுபேறு உண்டு என்பவரை நாத்திகர் என்பது எங்ஙனம்?

இனிப் பாட்டியின் சொல். கோயிலில் அமர்ந்திருப்பவர் யார்? ஞானத்தை மறைப்பது, காட்சியை மறைப்பது, மயக்குவது, இடையூறு செய்வது என்னும் நான்கு காதி வினைகளையும் வென்று முற்றறிவு எய்தியவர் அருகர். எஞ்சிய நான்கு வினைகளும் நீங்கி உடலின்றி உலகின் உச்சியில் நிற்போர் சித்தர். எட்டு வினை நீங்கவே எட்டுக் குணம் விளங்கும். திருக்குறளின் முதல் அதிகாரத்தில் வரும் ‘எண்குணத்தான்’ என்னும் சொல்லுக்குச் சமண உரைகாரர் கொள்ளும் பொருள் இதுவே. பரிமேலழகர் அச்சொல்லுக்குச் சைவாகமம் கூறும் எண்குணங்களை உரைத்தார் என்பதும் அறியத்தக்கது. பழந்தமிழில் ‘கடவுள்’ என்னும் சொல்லே முனிவரையும் குறித்து வழங்கியது. எனவே, “சமணர்க்குக் கடவுள் உண்டா?” என்பதைவிட, “எத்தகைய உயிரைச் சமணர் கடவுள் என்கின்றனர்?” என்பதே பொருந்திய வினா.

இவ்விடத்தில் மற்றொரு வினா எழும். அருகர் கேட்டதைத் தருவதில்லை, வணங்கினால் மகிழ்வதில்லை, வைதால் வெகுள்வதில்லை. அவ்வாறாயின் அபிடேகம் ஏன், ஆராதனை ஏன்? காஞ்சியோடு தொடர்புடையவராகப் போற்றப்பெறும் சமந்தபத்திராசாரியர், சுயம்பு தோத்திரத்தில் வாசுபூஜ்ய தீர்த்தங்கரரைப் போற்றுமிடத்து இவ்வினாவைத் தாமே எடுத்துக்கொள்கிறார். வழிபாட்டினால் வழிபடப்படுபவருக்கு ஆவது ஒன்றுமில்லை. அவர்தம் குணங்களை நினைப்பவரின் நெஞ்சு தூய்மையுறுகிறது என்பது அவர் கூறும் விடை. கண்ணாடி முன் நின்று முகத்து அழுக்கைத் துடைப்பவர், அழுக்கைத் துடைத்தது கண்ணாடி என்று சொல்வதில்லை. ஆயினும் கண்ணாடி இன்றி அழுக்குத் தெரிவதும் இல்லை.

அதே சமந்தபத்திரர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். தேவாகம தோத்திரம் எனவும் ஆப்தமீமாம்சை எனவும் வழங்கும் நூலைத் தொடங்கும்போதே, போற்றுதற்குரியவரையே அவர் ஆராயப் புகுகிறார். தேவர்கள் வந்து பணிவதையும், விண்ணிற் செல்வதையும், கவரி வீசப்படுவதையும் கண்டு ஒருவரைப் பெரியவர் என்று கொள்வதற்கில்லை. மாயவித்தை வல்லாரிடத்தும் அவை காணப்படும் என்கிறார். பின் எதனால் பெரியவர்? குற்றம் நீங்கியமையாலும், அவர் வாய்ச்சொல் அறிவுக்கும் நூலுக்கும் முரண்படாமையாலும் என்று அந்நூல் நிறுவிச் செல்கிறது. இதற்கு அகளங்கர் அட்டசதி எழுதினார். வித்தியானந்தர் அட்டசகசிரி எழுதினார். தோத்திரம் என்னும் பெயரில் ஓர் ஆராய்ச்சி நூல் எழுந்ததும், தம் இறைவனையே உரைகல்லில் உரைத்துப் பார்த்த ஒருவரை இச்சமயம் ஆசாரியராக வைத்துப் போற்றுவதும் எண்ணி எண்ணி வியக்கத்தக்கன.

தமிழ் வாதத்திற் புகுந்த விதத்தை இனிக் காணலாம்.

நீலகேசி என்னும் காப்பியத்தைத் தமிழ்ச் சமணர் வீடுகளில் பெயரளவில் அறியாதார் இலர். அதன் உள்ளே புகுந்தவர் மிகச் சிலர். பாஞ்சால நாட்டுச் சுடுகாட்டில் இருந்த காளி கோயிலுக்கு, அரசி மகப்பேறு எய்திய நன்றிக்கடனாகப் பலியிட ஆடு முதலியவற்றை மக்கள் கொண்டுவருகின்றனர். அங்கே தவமிருந்த முனிச்சந்திரர் என்னும் முனிவர் அவர்களைத் தடுக்கிறார். தடுத்த முறை கருதத்தக்கது. காளியே இல்லை என்று அவர் வாதிடவில்லை. மக்களை இகழவும் இல்லை. மண்ணால் விலங்குருவங்கள் செய்து படைத்தாலே போதும், உயிர்க்கொலை வேண்டா என்றார். மக்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினர். வெகுண்ட காளி, முனிவரை அச்சுறுத்தத் தன்னால் இயலாது என்றறிந்து, தென்னாட்டுப் பெருந்தெய்வமாகிய நீலகேசியை நாடினாள். அச்சுறுத்த வந்தவளும் அழகு காட்டி மயக்க முயன்றவளும் அந்நீலகேசியே. முனிவரின் அறவுரை கேட்டு மனம் மாறியவளும் அவளே. அதன்பின்பே அவள் ஊர் ஊராகச் சென்று வாதிடத் தொடங்குகிறாள். குண்டலகேசி, அருக்கசந்திரன், மொக்கலன், புத்தர் என்று பௌத்த வாதங்கள் முதலில் நிகழ்கின்றன. பின்னர் ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதவாதம், பூதவாதம் என்று வரிசை நீளுகிறது. மொத்தம் பத்துச் சருக்கங்கள்.

இவற்றுள் குண்டலகேசி வாதம் தனிக் கவனத்திற்குரியது. குண்டலகேசி யார்? கொல்ல முயன்ற கணவனிடமிருந்து தப்பித் துறவு பூண்ட வணிகர்குலப் பெண். அவள் முதலிற் புகுந்தது சமணத் துறவு என்றே கதை வழங்குகிறது. நாவற்கிளை நட்டு வாதுக்கு அழைத்து வென்று திரிந்தவள், சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தையானாள். அப்பௌத்தையை நீலகேசி வென்றாள். அதாவது, வாதத்தால் ஒருத்தி சமணத்தை விட்டாள். அவளையே வாதத்தால் மற்றொருத்தி மடக்கினாள். வென்றவர் பக்கமே மெய் என்று கொண்டால், மெய் என்பது நாவன்மை மிக்க அடுத்தவர் வரும்வரை தங்கும் விருந்தினர் ஆகிவிடும். வாதத்தைப் பெரிதும் போற்றிய மரபு இவ்விடரை உணராமல் இருந்திருக்க முடியாது.

ஆயினும் வாதம் பயனற்றது என்பதன்று. பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசி இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. 19 பாடல்களே எஞ்சியுள்ளன. அழிந்துபோன அந்நூல் என்ன கூறியது என்பதை ஓரளவேனும் ஊகிக்க உதவுவது எது? அதை மறுக்க எழுந்த நீலகேசியும், அதற்குச் சமயதிவாகர வாமன முனிவர் வகுத்த உரையுமே ஆகும். மறுக்கவேண்டிய பாட்டின் முதற்குறிப்பைத் தந்து, எதிரியின் கொள்கையை எடுத்துரைத்து, அதன்பின்பே மறுப்புக் கூறுகிறார் உரைகாரர். எதிரியின் சொல் எதிரியின் வீட்டில் அழிந்து, மறுத்தவர் வீட்டில் பிழைத்திருக்கிறது. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் மூலத்தையும் உரையையும் பதிப்பித்து வெளியிட்டமையால் இச்செய்தி தமிழுலகிற்கு எட்டியது.

இறுதியில் வரும் பூதவாதச் சருக்கத்தில் மட்டும் ஒரு விசித்திரம் நிகழ்கிறது. பூதங்களின் சேர்க்கை தவிர உயிர் என ஒன்றில்லை, பேய் என்பதும் இல்லை என்னும் பிசாசகனுக்கு முன் நீலகேசி தன் பழைய கொடிய உருவைக் காட்டுகிறாள், அவன் நடுங்குகிறான். கதைக்கு அது சுவை கூட்டுகிறது. ஆனால் தருக்கத்தின் துலாக்கோலில் நிறுத்தால், மற்ற எட்டு வாதங்களைக் காட்டிலும் அதுவே எடை குறைந்தது. அச்சத்தால் ஒருவன் வாய் மூடியது அவன் கண் திறந்ததாகாது. தேவர் வருகையும் மாயமும் சான்றாகா என்ற சமந்தபத்திரர் அவ்வரசவையில் இருந்திருப்பின் என்ன கூறியிருப்பார் என்று எண்ணத் தோன்றுகிறது.

வாத வெற்றி நற்காட்சி அன்று எனின், நற்காட்சி எது? கேவலி உரைத்த மெய்ப்பொருள்களில் தெளிவுற்ற நம்பிக்கை என்பது நூல் தரும் இலக்கணம். அதன் உறுப்புகள் எட்டு. முதல் உறுப்பு ஐயமின்மை. இங்கே இளைஞர்கள் இடர்ப்படுகின்றனர். ஐயமே கூடாதெனின் கேள்வியும் கூடாதோ? கூடும். கேட்டு அறிய விரும்புவது வேறு. கேட்டு அறிந்தபின்னும் ஆசையாலோ அச்சத்தாலோ ஊசலாடுவது வேறு. ஐயமின்மை என்பது ஆராயாமையின் பெயராயின், தேவாகமத்தை இயற்றிய சமந்தபத்திரர் அன்றோ முதலில் நற்காட்சி இழந்தவராதல் வேண்டும்? நற்காட்சியின் எட்டு உறுப்புகளையும் இல்லறத்தார்க்கு விளக்கி இரத்தினகரண்டக சிராவகாசாரத்தை இயற்றியவரும் அவரே. அதன் வழியில் தமிழில் எழுந்ததே அருங்கலச்செப்பு.

எட்டு உறுப்பிற்கும் எட்டுப் பேரை எடுத்துக்காட்டாகக் கூறுவது மரபு. நான்காம் உறுப்பாகிய மயக்கமின்மைக்கு உரியவள் இரேவதி என்னும் அரசி. அவள் கதை உரைநூல்களில் விரிவாக வழங்குகிறது. அது தொடங்குமிடம் தென்மதுரை.

வித்தியாதர அரசனாகிய சந்திரப்பிரபன் அரசைத் துறந்து, சில வித்தைகளை மட்டும் விடாது வைத்துக்கொண்டு, தென்மதுரையில் முனிகுப்தாசாரியரிடம் இளந்துறவியாக இருந்தான். வடமதுரைக்கு யாத்திரை புறப்படுகையில், “அங்குள்ளார்க்குச் செய்தி ஏதேனும் உண்டோ?” என்று ஆசாரியரை வினவினான். சுவிரத முனிவர்க்கு வணக்கமும், வருண மன்னன் தேவி இரேவதிக்கு ஆசியும் கூறுமாறு ஆசாரியர் பணித்தார். வடமதுரையில் பதினோரு அங்கங்களையும் கற்ற பவ்வியசேனர் என்னும் துறவி இருந்தார். அவர் பெயரை ஆசாரியர் எடுக்கவே இல்லை. மீண்டும் கேட்டபோதும் அதே விடைதான். ஒரு பெண்மணிக்கு ஆசி. பெருங்கல்வி உடைய துறவிக்கு ஒன்றுமில்லை. இதற்குக் காரணம் இருத்தல் வேண்டும் என்று எண்ணியவாறே சந்திரப்பிரபன் வடக்கு நோக்கிச் சென்றான்.

வடமதுரையில் பவ்வியசேனரோடு வெளியே சென்றபோது, தன் வித்தையால் வழியெங்கும் பசும்புல் தளிர்க்கச் செய்தான். புல்லும் உயிர் என்று ஆகமம் கூறுவது பதினோரு அங்கம் கற்றவர்க்குத் தெரியாததன்று. தெரிந்தே மிதித்து நடந்தார் அவர். பவ்வியசேனர் என்னும் பெயரை அபவ்வியசேனர் என்று அப்போதே மாற்றிவிட்டான் சந்திரப்பிரபன். வீடுபேற்றிற்குத் தகுதியுடைய உயிர் பவ்வியம். அத்தகுதி இல்லாதது அபவ்வியம்.

அடுத்து இரேவதியைச் சோதிக்கலானான். நகரின் கிழக்கு வாயிலில் நான்முகனாகத் தோன்றினான். மன்னனும் மக்களும் திரண்டு ஓடினர்; பவ்வியசேனரும் ஓடினார். பலர் வற்புறுத்தியும் இரேவதி செல்லவில்லை. பின்னர்த் தெற்கு வாயிலில் திருமாலாகவும், மேற்கு வாயிலில் உருத்திரனாகவும் தோன்றினான். ஊர் முழுவதும் சென்றது, இரேவதி செல்லவில்லை. நான்காவதாக வடக்கு வாயிலில் சமவசரணம் அமைத்து, தேவர்கள் சூழத் தீர்த்தங்கரராகவே வீற்றிருந்தான். “மற்றவர்கள் பிற தெய்வங்கள் என்று இருந்தாய்; இப்போது வந்திருப்பவர் உன் இறைவனே அல்லவா?” என்று தோழியர் அழைத்திருப்பர். தீர்த்தங்கரர் இருபத்து நால்வர், அனைவரும் வீடுபெற்றுவிட்டனர், இருபத்தைந்தாமவர் என ஒருவர் இல்லை, இவன் எவனோ ஒரு மாயன் என்று தெளிந்து அப்போதும் அவள் எழவில்லை.

முதல் மூன்று வாயிலுக்கும் செல்லாமை அரிதன்று. பிறர் தெய்வத்தை மறுப்பது எவர்க்கும் எளிது. நான்காம் வாயிலே கடினம். தன் சமயத்தின் அடையாளங்கள் அத்தனையும் தாங்கி, தன் இறைவனின் உருவிலேயே பொய் வரும்போது அதைப் பொய் என்றறிவதற்குச் சமயப்பற்று மட்டும் போதாது. சமயப்பற்று அங்கே பகையாகவே முடியும்.

கதை அத்துடன் முடியவில்லை. பலர் கதை சொல்லும்போது விட்டுவிடும் பகுதி இதன் பின்னரே வருகிறது. மறுநாள் சந்திரப்பிரபன் நோயால் நலிந்த இளந்துறவியின் உருக்கொண்டு, உணவு ஏற்கும் வேளையில் இரேவதியின் மனைவாயிற்புறத்தே மயங்கி வீழ்ந்தான். நான்கு தெய்வங்கள் அழைத்தும் வெளிவராத அரசி, இதைக் கேட்டவுடன் ஓடிவந்தாள். உள்ளே எடுத்துச் சென்று உணவளித்தாள். உண்ட அனைத்தையும் அவன் துர்நாற்றத்துடன் வாந்தியெடுத்தான். அவள் முகம் சுளிக்கவில்லை. “ஐயோ, ஒவ்வாத உணவை அளித்துவிட்டேனே” என்று தன்னையே நொந்துகொண்டு துப்புரவு செய்தாள். அதன்பின்பே அவன் மாயத்தைக் களைந்து, தென்மதுரை ஆசாரியர் அனுப்பிய ஆசியைக் கூறினான்.

முதற்சோதனை முடிந்த அளவிலேயே அவன் ஆசியைக் கூறியிருக்கலாம், கூறவில்லை. வெளியே செல்லாமை நற்காட்சியின் பாதியே என்று கதை ஆக்கியோர் கருதினர் போலும். பொய்த்தெய்வத்தை அறிந்து விலகும் அதே கண், துன்புறும் உயிரையும் அறிந்து ஓடிவர வேண்டும். புல்லை மிதித்த பவ்வியசேனரிடம் இல்லாதது பதினோரு அங்கத்தின் அறிவன்று, இந்தக் கண்ணே.

அவையோரே, இக்கதை பழைய வடமதுரையோடு நிற்கவில்லை. அருங்கலச்செப்பு மூவகை மூடங்களை விலக்குகிறது: உலக மூடம், தேவ மூடம், பாசண்டி மூடம். வரம் பெறும் அவாவால் விருப்பு வெறுப்புடைய தெய்வங்களை வழிபடுவது தேவ மூடம். தமிழ்ச் சமணர் கோயில்கள் பலவற்றில் தருமதேவி, பதுமாவதி, சுவாலாமாலினி ஆகிய இயக்கியர் எழுந்தருளியுள்ளனர். போளூரை அடுத்த திருமலையில் தருமதேவியின் கோயில் பெருமையுடன் விளங்குகிறது. அறத்தைக் காக்கும் சாசன தேவதைகள் என்ற அளவில் அவர்களுக்கு மதிப்புச் செய்வது மரபு. ஆனால் மகளுக்கு வரன் அமைந்தால் இன்னது செய்வேன், மகனுக்கு வெளிநாட்டு விசா கிடைத்தால் இன்னது சார்த்துவேன் என்று பேரம் பேசும்போது நிகழ்வது என்ன? மூலவராகிய அருகர் சந்நிதியில் ஒரு நொடி நின்றுவிட்டு, இயக்கி சந்நிதியில் அரைமணி நேரம் நிற்கும் வழக்கம் எதைக் காட்டுகிறது? இவ்வினாவை வெளியார் கேட்டால் சினம் வரும். ஆதலின் வீட்டாரே கேட்டுக்கொள்வது நலம்.

கேட்கும் முறையும் உண்டு. அண்மைக்காலத்தில் இளைஞர் சிலர் நூல்களைப் பயின்று, வீட்டில் பாட்டி நேர்ந்துகொள்வதைக் கண்டு, “இது தேவ மூடம், உங்களுக்கு நற்காட்சியே இல்லை” என்று முகத்துக்கு நேரே கூறிவிடுகின்றனர். நூல்படி அது பிழையன்று. முனிச்சந்திரர் அவ்வாறு கூறவில்லை என்பதை மட்டும் அவர்கள் நினைக்கவேண்டும். ஆட்டைக் கொண்டு வந்தவர்களிடம் அவர் முதலிற் காத்தது ஆட்டை; அடுத்துக் காத்தது கொண்டுவந்தவர்களின் மானத்தை. மண்ணுருவம் படைப்பது தேவ மூடம் ஆகாதோ என்று நூல் கொண்டு வினவினால், ஆகும் என்றே கூறவேண்டும். ஆயினும் கொலையினின்று மண்ணுக்கு வந்தவர், மண்ணினின்று மெய்க்கு வருவதற்கு வழி திறந்தே இருக்கிறது. பிறர் குறையை மறைத்தலும், வழுவியவரை நிலைநிறுத்தலும், அன்புடைமையும் அதே நற்காட்சியின் உறுப்புகளே. பாட்டியின் மூடத்தைக் கண்ட பேரன், தன்னிடம் அம்மூன்றும் உளவோ என்று நோக்குதல் தகும். கல்விச் செருக்கையும் எண்வகை மதங்களுள் ஒன்றாகவே நூல் வைக்கிறது.

பிற சமயத்தார் பற்றியும் ஒரு செய்தி கூறவேண்டியுள்ளது. 1880-களில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்தார். சொல்லுக்குப் பொருள் தெரிந்தும், சமணக் கொள்கை தெரியாமையால் பல இடங்கள் அவருக்கு விளங்கவில்லை. ஆகவே அவ்வூர்ச் சமணர் இல்லங்களுக்குச் சென்று, அவர்களிடம் பாடம் கேட்பவர் போல அமர்ந்து ஐயங்களை வினவினார். அவரோ சைவ மரபில் ஊறியவர். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். தம் சமயத்தை அவர் விடவில்லை. அவரை விடுமாறு எவரும் கேட்கவும் இல்லை. சிந்தாமணி 1887-இல் வெளிவந்தது.

அவ்வாறு அவர் சென்று அமர்ந்த சமண இல்லம் ஒன்றில், அவர் கேட்கும் கேள்விகளையும் அவற்றில் அவர் காட்டிய ஈடுபாட்டையும் அவ்வீட்டுப் பெண்மணி உள்ளிருந்து கவனித்து வந்தார். சமண நூலறிவு மிக்கவர் அவர். ஒருநாள் அப்பெண்மணி, இவர் பவ்விய ஜீவனாக இருப்பார் போலும் என்று வியந்து கூறினார். அச்சொல்லின் பொருளை அறிந்தபோது தமக்கு உண்டான மகிழ்ச்சியைச் சாமிநாதையர் பல ஆண்டுகள் கழித்துத் தம் வரலாற்றை எழுதும்போதும் மறவாது குறித்துள்ளார்.

பதினோரு அங்கம் கற்ற துறவிக்குத் தென்மதுரை ஆசாரியர் அனுப்பாத சொல்லை, திருநீறணிந்து தம் கூடத்தில் ஏட்டுச்சுவடியுடன் அமர்ந்திருந்த ஓர் ஆசிரியருக்குக் கும்பகோணத்துச் சமணப் பெண்மணி ஒருவர் உவந்து வழங்கினார்.